‘டவுட்’ இருந்தால் கேளுங்கள்: தமிழர் ஆங்கிலத்தில் இடறும் சொற்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலச் சொற்களை ஒலிக்கிறபடியே தமிழ் எழுத்தில், மேற்கோள் குறிக்குள் கொடுத்திருக்கிறோம். அலுவலக மின்னஞ்சல், நேர்முகத் தேர்வு, விசா படிவம், ஏற்றுமதி ஆர்டர் என உண்மையிலேயே சிக்கல் வரும் இடங்களுக்குத்தான் இங்கே முன்னுரிமை. இந்தப் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் ஒரு தமிழ்ச் சொல் உட்கார்ந்திருக்கும். அது எது என்று கண்டுபிடித்துவிட்டால் திருத்துவது எளிது.

‘ஐ ஆம் ஹேவிங் எ டவுட்’ – இதில் என்ன தவறு?

இரண்டு தவறு. முதலாவது ‘டவுட்’. தமிழில் ‘சந்தேகம்’ இரட்டை வேலை பார்க்கிறது. கணக்கு புரியாத மாணவனுக்கு வருவதும் சந்தேகம்தான், கல்லாப்பெட்டியில் பணம் குறைந்தால் முதலாளிக்கு வருவதும் சந்தேகம்தான். ஆங்கில ‘டவுட்’ முதலாளி பக்கம் மட்டுமே நிற்கும். அதன் பொருள் நம்பிக்கைக் குறைவு. கூட்டத்தில் எழுந்து ‘ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் ரிப்போர்ட்’ என்றால், வெளிநாட்டுக்காரர் காதில் “உங்கள் அறிக்கையை என்னால் நம்ப முடியவில்லை” என்று விழும். முகம் மாறத்தான் செய்யும். ‘ஐ ஹேவ் எ கொஸ்டின் அபவுட் யுவர் ரிப்போர்ட்’ என்றால் போதும்.

இரண்டாவது ‘ஹேவிங்’. உடைமை, உறவு, எண்ணம் ஆகியவற்றுக்கு ‘ஐ ஹேவ்’ மட்டுமே. “எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்”, “எங்களிடம் வண்டி இருக்கிறது” என்று தமிழில் ‘இருக்கிறது’, ‘இருக்கிறார்கள்’ என முடிந்தால் ‘ஹேவ்’ போடுங்கள். சாப்பிடுவது, அனுபவிப்பது போல நடந்துகொண்டிருக்கும் செயலுக்கு ‘ஹேவிங்’ சரி: ‘வி ஆர் ஹேவிங் லன்ச்’, ‘ஐ ஆம் ஹேவிங் ட்ரபிள் வித் த நெட்வொர்க்’.

‘டிஸ்கஸ் அபவுட்’ தவறு என்கிறார்கள்; ‘டிஸ்கஷன் அபவுட்’ மட்டும் எப்படிச் சரி?

இது நல்ல கேள்வி, ஏனென்றால் விதியே இதற்குள்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் சில வினைச்சொற்கள் செயப்படுபொருளை நேராகப் பிடித்துக்கொள்ளும். இடையில் ‘அபவுட்’, ‘இன்டு’ போன்ற ஒட்டு வேண்டாம். அதே சொல் பெயர்ச்சொல்லாக மாறினால் ஒட்டு தேவைப்படும். ‘வி டிஸ்கஸ்டு த பட்ஜெட்’, ஆனால் ‘எ டிஸ்கஷன் அபவுட் த பட்ஜெட்’. ‘ஐ ரிக்வெஸ்டட் லீவ்’, ஆனால் ‘மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’. ‘ஷி எம்பசைஸ்டு சேஃப்டி’, ஆனால் ‘அன் எம்பசிஸ் ஆன் சேஃப்டி’.

நாம் “பட்ஜெட் பற்றிப் பேசினோம்” என்கிறோம், அந்தப் ‘பற்றி’ அப்படியே ‘அபவுட்’ ஆகிறது. “அறைக்குள் நுழைந்தான்” என்பதிலுள்ள ‘க்குள்’ போய் ‘என்டர்டு இன்டு த ரூம்’ ஆகிறது. ‘என்டர்டு த ரூம்’ போதும். ‘என்டர் இன்டு’ என்று ஒன்று உண்டு, ஆனால் அது ஒப்பந்தத்துக்கு: ‘என்டர்டு இன்டு அன் அக்ரிமென்ட்’. இதே வரிசையில் ‘மேரி’, ‘ரீச்’, ‘ரிசம்பிள்’, ‘அப்ரோச்’, ‘அவெய்ட்’ ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். “அவளோடு திருமணம்” என்பதற்காக ‘மேரீடு வித் ஹெர்’ என்று எழுத வேண்டாம், ‘மேரீடு ஹெர்’. ‘கோப் அப் வித்’ என்பதில் ‘அப்’ வேண்டாத விருந்தாளி. ‘கோப் வித்’ என்பதே சரி.

‘எக்ஸ்பிளெய்ன் மீ’ என்று சொல்லக் கூடாதா? ‘டெல் மீ’ மட்டும் சரியாக இருக்கிறதே?

‘டெல்’, ‘கிவ்’, ‘ஷோ’, ‘டீச்’ ஆகியவை ஆளை நேராக ஏற்கும். ‘எக்ஸ்பிளெய்ன்’, ‘சஜஸ்ட்’, ‘டிஸ்கிரைப்’, ‘மென்ஷன்’, ‘சே’ ஏற்காது. நடுவில் ‘டு’ கேட்கும். ‘எக்ஸ்பிளெய்ன் திஸ் டு மீ’ என்பதே முறை. ‘சஜஸ்ட் மீ எ குட் டாக்டர்’ என்பதைவிட ‘கேன் யூ ரெகமெண்ட் எ குட் டாக்டர்?’ என்றால் இயல்பாக இருக்கும். ‘ஹி செட் மீ’ என்பது ஒருபோதும் வராது. ‘ஹி டோல்டு மீ’, அல்லது ஆளைக் குறிப்பிடாமல் ‘ஹி செட் தட்…’. தமிழில் ‘சொன்னார்’ ஒன்றே இரண்டுக்கும் போதும் என்பதால் வந்த குழப்பம் இது.

‘வித்தின் ஃபைவ் ஓ கிளாக்’ என்று எழுதினேன், மேலாளர் திருத்திவிட்டார். ஏன்?

“ஐந்து மணிக்குள்” என்பதும் “ஐந்து நாளுக்குள்” என்பதும் தமிழில் ஒரே ‘க்குள்’. ஆங்கிலத்தில் அது இரண்டாகப் பிரியும். கடிகாரமோ காலண்டரோ காட்டும் புள்ளி என்றால் ‘பை’: ‘பை ஃபைவ் ஓ கிளாக்’, ‘பை ஃப்ரைடே’. நீளம் என்றால் ‘வித்தின்’: ‘வித்தின் ஃபைவ் டேஸ்’. ‘இன் ஃபைவ் டேஸ்’ என்று எழுதினால் பெரும்பாலும் “ஐந்து நாள் கழித்து” என்று புரிந்துகொள்வார்கள். கெடு சொல்லும் கடிதத்தில் தேதியையே போட்டுவிடுவது நல்லது.

தேதியிலும் ஒரு பள்ளம் உண்டு. 04/07 என்பது நமக்கும் பிரிட்டனுக்கும் ஜூலை 4, அமெரிக்காவுக்கு ஏப்ரல் 7. மாதத்தை எழுத்தால் எழுதுங்கள்.

‘வரை’ என்பதற்கு ‘அன்டில்’. இங்கே வேறு வில்லங்கம். “அவர் வராத வரை கூட்டம் தொடங்காது” என்பதை அப்படியே பெயர்த்து ‘அன்டில் ஹி டஸ்ன்ட் கம்’ என்கிறார்கள். ‘அன்டில்’ உள்ளே எதிர்மறை ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது. ‘த மீட்டிங் வோன்ட் ஸ்டார்ட் அன்டில் ஹி கம்ஸ்’ என்று நேர்மறையாகவே சொல்ல வேண்டும்.

‘சின்ஸ்’, ‘ஃபார்’ – எதை எங்கே?

இதில் தமிழ் நம்மைக் கைவிடவில்லை, நாம்தான் அதைக் கேட்பதில்லை. “ஐந்து ஆண்டுகளாக” என்று ‘ஆக’ வந்தால் ‘ஃபார்’. “2019-லிருந்து”, “2019 முதல்” என்று வந்தால் ‘சின்ஸ்’. ‘சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்பது “ஐந்து ஆண்டுகளிலிருந்து வேலை செய்கிறேன்” என்று தமிழில் சொல்வதுபோலவே உறுத்தும்.

வினைச்சொல்லில் மட்டும் தமிழ் உதவாது. “ஐந்து ஆண்டுகளாக வேலை செய்கிறேன்” என நிகழ்காலம் போடுகிறோம்; ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் வொர்க்கிங்’ அங்கே நிற்காது. ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்பதே சரி. நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டால்கூடத் தப்பில்லை.

இணையக் கூட்டத்தில் குரல் வராதபோது ‘ஐ கான்ட் லிசன் யூ’ என்று சொல்லலாமா?

வேண்டாம், ‘ஐ கான்ட் ஹியர் யூ’. காதில் விழுவது ‘ஹியர்’, கவனம் வைத்துக் கேட்பது ‘லிசன் டு’, வினவுவது ‘ஆஸ்க்’. மூன்றுக்கும் நமக்கு ‘கேள்’ ஒன்றே. ‘ஐ கான்ட் லிசன் டு யூ’ என்றால் “உன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது” என்று சண்டைக்குப் போவதாகத் தோன்றும். ‘பார்’ என்பதும் இப்படியே ‘சீ’, ‘லுக் அட்’, ‘வாட்ச்’ என்று மூன்றாகப் பிரியும்: கண்ணில் படுவது, திரும்பிப் பார்ப்பது, தொடர்ந்து கவனிப்பது.

மின்னஞ்சலில் ‘ப்ளீஸ் ரிவர்ட்’, ‘டூ த நீட்ஃபுல்’ போடலாமா?

‘ரிவர்ட்’ என்பதன் அடிப்படைப் பொருள் பழைய நிலைக்குத் திரும்புதல். “பதில் அனுப்புங்கள்” என்ற பொருளில் அது இந்தியா, சிங்கப்பூர் போன்ற இடங்களில் நன்றாக வேரூன்றிவிட்டது. உள்ளூர்க் கடிதத்தில் யாரும் குழம்பப் போவதில்லை. மென்பொருள் துறையில்தான் ஆபத்து. அங்கே ‘ரிவர்ட்’ என்பது செய்த மாற்றத்தை நீக்கும் கட்டளை. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ என்ற கருவியில் அதே பெயரில் ஒரு கட்டளையே இருக்கிறது. “மாற்றத்தைப் பார்த்துவிட்டு ப்ளீஸ் ரிவர்ட்” என்று வெளிநாட்டுக் குழுவுக்கு எழுதினால், அவர்கள் உங்கள் வேலையை அழித்துவிட்டு “முடிந்தது” என்று சொல்லக்கூடும். ‘ப்ளீஸ் ரிப்ளை’ என்று எழுதினால் இந்த வம்பே இல்லை. ‘ரிவர்ட் பேக்’, ‘ரிட்டர்ன் பேக்’, ‘ரிப்பீட் அகெய்ன்’ எல்லாம் “திரும்பவும் மறுபடியும்” வகை, ஒன்று போதும்.

‘டூ த நீட்ஃபுல்’ ஒருகாலத்தில் பிரிட்டனிலேயே புழங்கிய தொடர். அங்கே மங்கிப்போனது, இங்கே அரசு அலுவலகத்திலும் வங்கியிலும் தங்கிவிட்டது. இலக்கணப் பிழை எதுவும் இல்லை. சிக்கல் வேறு: என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்வதில்லை. ‘ப்ளீஸ் அப்ரூவ் மை லீவ் பை தர்ஸ்டே’ என்று செயலையும் நாளையும் எழுதினால் வேலை நடக்கும்.

‘பிரிபோன்’, ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’, ‘பாஸ்டு அவுட்’ எல்லாம் தவறான ஆங்கிலமா?

மூன்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

‘பிரிபோன்’ நல்ல சொல். ‘போஸ்ட்போன்’ என்பதற்கு எதிர்ச்சொல் தேவைப்பட்டது, பிறந்தது. இந்தியர் கண்டுபிடித்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1913-லேயே நியூயார்க் டைம்ஸ் இதழுக்குக் கடிதம் எழுதிய ஒருவர் இந்தச் சொல்லை முன்மொழிந்திருக்கிறார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் இடம் பெற்றுவிட்டது. இந்தியாவுக்குள் தயங்காமல் எழுதலாம். வெளிநாட்டவருக்கு ‘மூவ் த மீட்டிங் அப்’ என்பதும் ‘பிரிங் ஃபார்வர்டு’ என்பதும் பழக்கம்.

‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்பதில் ரயிலும் இல்லை, காவல் நிலையமும் இல்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் அதிகாரி பணியில் இருந்த ஊர் அவருடைய ‘ஸ்டேஷன்’. அதைவிட்டு வெளியே போனால் ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’. ஆட்சி போய்விட்டது, தொடர் விடுப்பு விண்ணப்பத்தில் உயிரோடு இருக்கிறது. மற்ற நாட்டவருக்கு ‘அவுட் ஆஃப் டவுன்’.

‘பாஸ்டு அவுட்’ மட்டும் உண்மையிலேயே கவனிக்க வேண்டியது. ராணுவப் பயிற்சி முடித்து வெளியேறுவதற்கு இது முறையான சொல். பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் நடப்பதும் ‘பாஸிங் அவுட் பரேடு’தான். ஆனால் சாதாரணப் பேச்சில் ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2021’ என்றால் “2021-ல் மயங்கி விழுந்தேன்”. சுயவிவரக் குறிப்பில் ‘கிராஜுவேட்டடு இன் 2021’ என்று எழுதுங்கள்.

சகலையை ‘கோ-பிரதர்’ என்றும் பெரியப்பா மகனை ‘கசின் பிரதர்’ என்றும் சொல்கிறோமே?

நம் உறவுமுறை நுட்பமானது, ஆங்கிலத்தின் உறவுமுறை மொட்டையானது. சகலை, ஓரகத்தி, சம்பந்தி ஆகியோருக்கு அங்கே தனிச்சொல் கிடையாது. ‘கோ-பிரதர்’, ‘கோ-சிஸ்டர்’ தென்னிந்தியாவில் நாம் தைத்துக்கொண்ட சட்டை. வெளியே யாருக்கும் பொருந்தாது. சகலையைப் ‘பிரதர்-இன்-லா’ என்று சொல்லிவிடலாம், துல்லியம் வேண்டுமென்றால் ‘மை வைஃப்ஸ் சிஸ்டர்ஸ் ஹஸ்பண்ட்’.

பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை பிள்ளைகள் அனைவரும் வெறும் ‘கசின்’. பெரியப்பா மகன் நமக்கு அண்ணன், அத்தை மகன் முறைமாப்பிள்ளை. அந்த வேறுபாட்டைக் காப்பாற்றத்தான் ‘பிரதர்’ ஒட்டப்பட்டது. பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும். விசா படிவத்தில் விட்டுவைக்கக் கூடாது. அங்கே ‘பிரதர்’, ‘சிஸ்டர்’ என்று கேட்பது உடன்பிறந்தவர்களை. பெரியப்பா மகனை அந்தக் கட்டத்தில் எழுதினால், பெற்றோர் பெயர் பொருந்தாமல் மற்ற ஆவணங்களோடு முரண்படும். பிறகு விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

படிவங்களில் வரும் ‘இஷ்யூஸ்’ என்பதும் இந்த வகை. சட்ட ஆங்கிலத்தில் ‘இஷ்யூ’ என்றால் ஒருவரின் பிள்ளைகள், சந்ததி. ‘நோ இஷ்யூஸ்’ என்று மணமகன் தேடும் விளம்பரத்தில் போட்டால் நாம் “குழந்தை இல்லை” என்று படிப்போம். மற்றவர்கள் “பிரச்சினை இல்லை” என்று படிப்பார்கள்.

தமிழில் நாம் தினமும் பேசும் ஆங்கிலச் சொற்கள் வெளிநாட்டில் எடுபடுமா?

பல எடுபடாது. சாப்பிடும் இடம் நமக்கு ‘ஹோட்டல்’. அங்கே ‘ஹோட்டல்’ என்றால் தங்குமிடம், சாப்பிட ‘ரெஸ்டாரன்ட்’. சேலையோடு போடும் ‘ஜாக்கெட்’ அங்கே ‘பிளவுஸ்’. ‘ஜாக்கெட்’ என்பது குளிருக்குப் போடும் மேலங்கி. ‘மை நேட்டிவ் இஸ் தேனி’ என்பதும் இப்படித்தான். ‘நேட்டிவ்’ ஊரைக் குறிக்காது, ஆளைக் குறிக்கும்: ‘ஐ ஆம் எ நேட்டிவ் ஆஃப் தேனி’. சுருக்கமாக ‘ஐ ஆம் ஃப்ரம் தேனி’.

காரின் மாற்றுச் சக்கரத்தைச் சொல்லும் ‘ஸ்டெப்னி’க்கு ஒரு வரலாறே உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில், ஸ்டெப்னி தெருவில் இருந்த ஒரு நிறுவனம் மாற்றுச் சக்கரம் செய்து உலகெங்கும் விற்றது. தெருவின் பெயர் சக்கரத்துக்கு வந்தது. பிரிட்டனில் மறந்துபோன சொல்லை நம் மெக்கானிக் இன்றும் காப்பாற்றுகிறார். அங்கே கேட்க வேண்டியது ‘ஸ்பேர் வீல்’. ‘டிக்கி’ பிரிட்டனில் ‘பூட்’, அமெரிக்காவில் ‘டிரங்க்’.

திருப்பூர் ஏற்றுமதி ஆர்டரில் ‘வெஸ்ட்’ என்று வந்திருக்கிறது. பனியனா, வேறு எதுவுமா?

வாங்குபவர் எந்த நாட்டவர் என்று முதலில் பாருங்கள். பிரிட்டன்காரருக்கு ‘வெஸ்ட்’ நம் பனியன். அமெரிக்கருக்கு அது சட்டைக்கு மேலே போடும் கையில்லாத அங்கி, பிரிட்டனில் ‘வெயிஸ்ட்கோட்’ எனப்படுவது. பனியனை அவர் ‘அண்டர்ஷர்ட்’ அல்லது ‘டேங்க் டாப்’ என்பார்.

‘பேன்ட்ஸ்’ இன்னும் மோசம். அமெரிக்கருக்கு முழுக்கால் சட்டை, பிரிட்டன்காரருக்கு ஜட்டி. ‘ஜம்பர்’ பிரிட்டனில் ஸ்வெட்டர், அமெரிக்காவில் சட்டைக்கு மேல் அணியும் கையில்லாத கவுன். மின்னஞ்சலில் சொல்லை மட்டும் நம்பி சாம்பிள் தைக்க வேண்டாம். அளவுகள் குறித்த படத்தையும் சாம்பிள் ஒப்புதலையும் எழுத்தில் வாங்கிய பிறகே துணி வெட்டுங்கள்.

‘ஃபர்னிச்சர்ஸ்’, ‘லக்கேஜஸ்’, ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ – பன்மை ஏன் கூடாது?

தமிழில் தகவல்கள், அறிவுரைகள், கருவிகள் என்று எதையும் ‘கள்’ போட்டு எண்ணிவிடுவோம். ஆங்கிலம் இவற்றைத் தண்ணீர், மணல் போலத் திரளாகப் பார்க்கிறது. ‘அட்வைஸ்’, ‘எக்விப்மென்ட்’, ‘ஃபீட்பேக்’, ‘சாஃப்ட்வேர்’, ‘ஹோம்வொர்க்’ எல்லாம் இந்தக் கூட்டம். எண்ண வேண்டுமானால் ‘டூ பீசஸ் ஆஃப் லக்கேஜ்’. ‘ஸ்டாஃப்’ வேறு மாதிரி: அது ஒரு குழு. “அவர் ஒரு ஸ்டாஃப்” என்று தமிழில் சொல்கிற பழக்கத்தில் ‘ஹி இஸ் எ ஸ்டாஃப்’ என்று எழுத வேண்டாம்; ‘எ ஸ்டாஃப் மெம்பர்’.

‘லூஸ்’ என்ற இரண்டு சொல்லும் எப்போதும் குழப்புகிறது. எப்படி நினைவில் வைப்பது?

குழப்பத்தின் வேர் ஒலியில் இருக்கிறது. தளர்வு என்ற பொருள் தரும் சொல்லில் வருவது சாதாரண ‘ஸ’. இழப்பது என்ற சொல்லில் வருவது தொண்டை அதிரும் ஒலி. அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்தே இல்லை, எனவே இரண்டும் நமக்கு ஒன்றாகக் கேட்கிறது. தொண்டையில் இரண்டு விரல் வைத்து, தேனீ ரீங்கரிப்பதுபோல் இழுத்துப் பாருங்கள். அதிர்ந்தால் அதுதான் இழப்பதற்கான சொல். எழுத்தில் அதற்கு ஒரே ஓ. தளர்வுக்கு இரண்டு ஓ: கயிறு தளர்ந்து நீண்டிருப்பதால் எழுத்தும் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விலையும் பரிசும் இரண்டுமே ‘ப்ரைஸ்’ ஆவதும் இதனால்தான், அதிர்வது பரிசு. ‘அட்வைஸ்’ என்பதில் அதிராத ஒலி பெயர்ச்சொல், எழுத்து சி. அதிர்வது வினைச்சொல், எழுத்து எஸ். பிரிட்டிஷ் முறையில் ‘லைசன்ஸ்’, ‘ப்ராக்டிஸ்’ இரண்டுக்கும் இதே பிரிவினை எழுத்தில் மட்டும் உண்டு, ஒலி மாறாது. அமெரிக்கர் பிரிப்பதில்லை: முன்னதற்கு எப்போதும் எஸ், பின்னதற்கு எப்போதும் சி.

‘ஈவ் டீஸிங்’ என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். தெற்காசியாவுக்கு வெளியே அது புரியாது; புரிகிற இடத்திலும் குற்றத்தை விளையாட்டுக் கேலியாகக் காட்டுகிறது. தமிழ்நாட்டில் 1998-ல் வந்த சட்டத்தின் பெயரிலேயே முதலில் இந்தச் சொல் இருந்தது. பிறகு பெண்களுக்கு எதிரான துன்புறுத்தலைத் தடை செய்யும் சட்டம் என்று பெயர் மாற்றப்பட்டது. ‘செக்‌ஷுவல் ஹராஸ்மென்ட்’ என்று நேராக எழுதுங்கள்.

‘டுடே இட்செல்ஃப்’, ‘யெஸ்டர்டே ஒன்லி’ – இவை?

“இன்றே”, “நேற்றுதான்” ஆகியவற்றின் நிழல்கள். தமிழ் ஒரு ஏகாரத்திலும் ‘தான்’ என்பதிலும் அழுத்தத்தை முடித்துவிடும். ஆங்கிலம் பெரும்பாலும் குரலால் அழுத்தும், அல்லது வேறு சொல் தேடும்: ‘ஜஸ்ட் யெஸ்டர்டே’, ‘திஸ் வெரி டே’. கடிதத்தில் ‘பை டுடே’ என்றாலே “இன்றைக்குள்” என்ற அவசரம் வந்துவிடுகிறது. “போய்ட்டு வரேன்” என்பதை ‘கோ அண்ட் கம்’ ஆக்குவதும் இந்த ரகம். ‘ஸீ யூ’ என்று சொல்லிக் கிளம்புங்கள். அதில் நம் மங்கலம் இல்லைதான், என்ன செய்ய.

கணினியின் பிழைதிருத்தி இவற்றைப் பிடித்துக் கொடுக்காதா?

எழுத்துப்பிழை திருத்தி பிடிக்காது. ‘டவுட்’, ‘ரிவர்ட்’, ‘நேட்டிவ்’ எல்லாம் எழுத்தளவில் சரியானவை. இலக்கணத் திருத்திகள் ‘டிஸ்கஸ் அபவுட்’ போன்றவற்றைப் பெரும்பாலும் காட்டும். பொருள் மாறிய சொல்லைத் தவறவிடும். ஐயம் வந்தால் ஆங்கிலம் கற்போருக்கான அகராதியைத் திறங்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் மூன்றுமே இணையத்தில் இலவசம். பொருளைப் படித்துவிட்டு மூடிவிடாமல், எடுத்துக்காட்டு வாக்கியங்களில் அந்த வினைக்குப் பின்னால் என்ன ஒட்டு வருகிறது என்று பாருங்கள். ‘இந்தியன் இங்கிலீஷ்’ என்ற முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், கடிதம் சேலத்துக்குப் போகிறது என்றால் விட்டுவிடுங்கள். சிகாகோவுக்குப் போகிறது என்றால் சொல்லை மாற்றுங்கள்.